அக்காவின் அளவில் ஒரு கனவு

என் கல்யாண ரவிக்கை என் அக்காவின் அளவுக்குத் தைத்தது. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். கடைக்குப் போய் நாடா பிடித்து அளவு கொடுத்தால் முடிந்தது, இதில் என்ன குழப்பம் என்று கேட்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் யாரும் தையற்காரர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதில்லை. அவர் ஆண்பிள்ளை. அவரிடம் போவது அளவு ஜாக்கெட். நமக்குச் சரியாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைத் துவைத்து மடித்து, புதுத் துணியோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புவோம். நமக்குப் பதிலாக அது போய் அவருடைய மேசையில் படுத்துக்கொள்ளும். அவர் அதன்மேல் நாடாவை வைத்து அளந்துகொள்வார்.

கல்யாணம் என்று வந்தால் அளவு ஜாக்கெட் இன்னும் கொஞ்ச தூரம் போகும். முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீடு, அதற்கு ரவிக்கை தைப்பதும் அவர்களே. அதனால் பெண் வீட்டிலிருந்து அளவு வாங்கிப் போவார்கள். அது மாமியார் கை, நாத்தனார் கை, பக்கத்து வீட்டுக்காரி கை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் கடைக்குப் போகும். பெண் பார்க்க வந்த அன்று புடவைத் தலைப்பு எதையெல்லாம் மூடி வைத்ததோ, அதையெல்லாம் அந்த ரவிக்கை வெள்ளந்தியாகச் சொல்லிவிடும். அப்படி ஊர்வலம் போக என் ரவிக்கையை என் அம்மா விடவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் முடித்திருந்தேன். முடி இடுப்புக்குக் கீழே தொங்கும், பல்வரிசை நன்றாக இருக்கும், வாய் அதைவிட நன்றாக இருக்கும். மார்பு மட்டும் இல்லை. இல்லை என்றால் அறவே இல்லை என்று அர்த்தமில்லை, ஊர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்கு 'கேரம் போர்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பையன்கள் வைத்திருந்தால் போய்த் தொலைகிறார்கள் என்று விட்டிருப்பேன். வைத்தவள் எனக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவளிடம் சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டு அழுதேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் நேரெதிர். அவள் தெருவில் இறங்கி நடந்தால் சைக்கிளில் போகிறவர்கள் மணி அடிப்பதை மறந்துவிடுவார்கள். அவள் கல்யாணமாகி உள்ளூரிலேயே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அளவு கேட்டு ஆள் வந்தபோது அம்மா என் ரவிக்கையை எடுத்தாள், விரித்துப் பார்த்தாள், திரும்ப மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதற்குப் பதில் அக்கா துவைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்த ஒன்றைக் கொடியிலிருந்து உருவினாள்.

"இன்னாம்மா பண்ற?" என்று கேட்டேன்.

"உன்னுத அனுப்பினா அவங்க இன்னாடி நெனப்பாங்க? பொண்ணுக்கு சோறே போடலன்னு நெனப்பாங்க. கல்யாணம் ஆனா தானா ஒடம்பு வெச்சிடும். இப்பவே தாராளமா தச்சி வெச்சிட்டா அப்பால பிரிக்க வேணாம்."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து உடுப்பு தைப்பார்களே, அந்தக் கணக்கு. அக்கா அன்று சாயங்காலம் வந்தவள் விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாத்துக்கடீ, உன் வீட்டுக்காரரு என் அளவத்தான் கட்டிக்கப் போறாரு."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

முகூர்த்தத்துக்கு வந்த ரவிக்கை அருமையான தையல். எனக்கு அது சாக்குப் பை. அம்மா ஊசி நூலோடு வந்தாள். பிடித்துத் தைத்தால் நாளைக்கு மாமியார் கையில் மாட்டிக்கொள்ளும் என்று அவளுக்கே தோன்றியது போல, ஊசியை வைத்துவிட்டுக் கைக்குட்டைகளை மடித்து உள்ளே வைத்தாள். பஞ்சு வைக்கலாம் என்றாள் அக்கா, குத்தும் என்றேன். கல்யாணப் படத்தில் நான் செழிப்பாக இருக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் என் மனசில் மந்திரமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இடது பக்கக் கைக்குட்டை நழுவுகிறதே என்கிற ஒரே நினைப்புதான்.

என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், டவுனுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. வீட்டில் அவரும், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியாரும் மட்டும். நாத்தனாரைக் கீழ்பென்னாத்தூரிலேயே கொடுத்திருந்தார்கள். அவர் கொஞ்சம் பேசுவார், நிறைய கேட்டுக்கொள்வார். சின்ன வயசில் அம்மை போட்டிருந்ததில் முகத்தில் நாலைந்து தழும்பு. அது அவர் முகத்துக்கு ஒரு கம்பீரம் என்றுகூட நான் நினைத்தேன். ஆனால் அவரிடம் அதைச் சொன்னதில்லை. வெயில் கொளுத்தினாலும் பனியனைக் கழற்ற மாட்டார். கணக்குப்பிள்ளை அல்லவா, வீட்டிலும் ஆபீஸ் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் விளக்கை அணைப்பது அவர்தான். நான் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் பெரும்பாலும் அணைந்திருக்கும். எனக்கு அது எவ்வளவு நிம்மதி! கணவன் மனைவியாக நாங்கள் இருக்கத்தான் செய்தோம். ஆனால் நான் ரவிக்கையைக் கழற்றியதில்லை. கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொள்வேன். அவர் அந்தக் கைகளை ஒருநாளும் விலக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார், நல்ல மனுஷர், என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். எனக்கும் ஆசை இருந்தது. இத்தனை வயசுக்கு மேல் அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அவர் கழுத்தில் வரும் சோப்பு வாசனை எனக்குப் பிடிக்கும், இருட்டில் மெதுவாகப் பேசும் குரல் பிடிக்கும். ஆனால் ஆசை வருகிற போதெல்லாம் கூடவே கிலியும் வந்துவிடும். தெரிந்துவிட்டால்? தெரிந்து, முகம் மாறாமல் இருக்க அவர் முயற்சி செய்தால்? அதைத்தான் என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அம்மா சொன்னபடி உடம்பும் வைக்கவில்லை. தீபாவளிக்கு அத்தை எனக்கு இரண்டு ரவிக்கை தைத்தார். பொங்கலுக்கு ஒன்று. எல்லாம் அதே அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான். அதை அத்தை தன் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். நல்ல அத்தை. என்ன சொல்லி அதைத் திரும்பக் கேட்பது?

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கனவு வந்தது.

தேரடி வீதியில் ஒரு தையற்கடை. நிஜத்தில் அங்கே அப்படி ஒரு கடை கிடையாது. நான் ரவிக்கை வாங்கப் போகிறேன். தையற்காரர் முகம் தெரியவில்லை, மிஷினை மிதிக்கும் கால் மட்டும் தெரிகிறது. அவர் ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். பிரித்தால் உள்ளே ரவிக்கை இல்லை, ஒரு உடம்பு. முழு உடம்பு, கை, மார்பு, இடுப்பு, எல்லாம் நேர்த்தியாகத் தைத்து, இஸ்திரி போட்டு மடித்திருக்கிறது. "அளவு குடுத்தீங்களே, அதே அளவுதான். ஒரு நூல் கம்மி இல்ல" என்கிறார். எப்படிப் போட்டுக்கொண்டேன் என்று தெரியாது, அடுத்த நிமிஷம் அதற்குள் இருக்கிறேன். தெருவில் நடக்கிறேன். எல்லாரும் பார்க்கிறார்கள். சைக்கிள்காரர்கள் மணி அடிக்க மறக்கிறார்கள். எனக்கு ஒரே பெருமை. ஆனால் உள்ளே நான் சின்னதாக, பெரிய தகர டின்னுக்குள் கிடக்கும் ஒற்றைக் கடலை மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறேன். அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொள்கிறார். அவர் கட்டிக்கொள்வது எனக்குத் தெரிகிறது, படவில்லை. அவருடைய கை அந்தத் தைத்த உடம்பின்மேல் இருக்கிறது, உள்ளே இருக்கிற எனக்கு வந்து சேரவே இல்லை. நான் உள்ளேயிருந்து கூப்பிடுகிறேன். அவருக்குக் கேட்கவில்லை. "என்னா அழகா இருக்க" என்று அந்த உடம்பிடம் சொல்கிறார். கழற்றிப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை.

கத்திக்கொண்டு எழுந்தேன். விடிந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் கனவுக்கு ஒரு சட்டம் உண்டு. நல்ல கனவை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. கெட்ட கனவை வாய் கொப்புளிப்பதற்கு முன்பே ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும், அது அடித்துக்கொண்டு போய்விடும். எனக்கு இது நல்லதா கெட்டதா என்று முதலில் விளங்கவில்லை. ஊரே என்னைப் பார்த்ததே, அது நல்லது. அவர் கை படவில்லையே, அது கெட்டது. யோசித்துப் பார்த்து, கெட்டதுதான் என்று முடிவு செய்து கொல்லைக் குழாயடிக்கு ஓடினேன். எங்கள் ஊரில் முனிசிபாலிடித் தண்ணீர் நினைத்த நேரத்துக்கு வருவது. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. தண்ணீர் வராத நாளில் கெட்ட கனவு காண்கிறவள் என்ன செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. குழாய் முன்னால் குந்தி உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்துவிட்டார்.

"இன்னாம்மா, கனாவா? தண்ணி இன்னிக்கி வராது. எங்கிட்ட சொல்லு, ஒண்ணும் ஆவாது."

எதைச் சொல்வது? முழுசாகச் சொன்னால் பீரோவில் இருக்கும் ரவிக்கை யாருடையது என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பாதியை மட்டும் சொன்னேன்.

"டெய்லர் ஒருத்தரு எனக்கு ஒடம்பு தச்சிக் குடுத்தாருங்க அத்தை. புது ஒடம்பு. பெருசா இருந்துச்சு."

அத்தையின் முகம் மெல்ல மலர்ந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் நெருங்கும் வீட்டில் மருமகள் தும்மினால்கூட அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"தச்சிக் குடுத்தது சாதாரண டெய்லரா? புது ஒடம்பு வருதுன்னா உள்ள வருதுடி. உள்ள தைக்கிறான். பெருசா இருந்துச்சின்னா ஆம்பளப் புள்ள."

"இல்லீங்க அத்தை, அது வந்து..."

"நீ ஒண்ணும் சொல்லாத. நல்ல கனா. இதுக்கு மேல யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

என்னிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு அவர் போய்த் தெருவுக்கே திறந்துவிட்டார். மத்தியானத்துக்குள் எதிர்வீட்டிலிருந்து நெய் வந்தது. என்னைக் குடம் தூக்க விடவில்லை. பாலில் பனங்கற்கண்டு, காலையில் பேரீச்சம்பழம், சாதத்தில் கீரை ஜாஸ்தி, காரம் கம்மி. நான் இல்லவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஆரம்பத்துல அப்படித்தான் தெரியாது" என்றுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் பெரியவன் பிறந்தபோது, "நான் அன்னிக்கே சொன்னேனே, விடியக்காலம் கண்ட கனா" என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நடுவில் ஒன்றரை வருஷம் இருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

கனவுக்கு வேறு ஏதாவது பலன் இருக்கிறதா என்று நானும் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். யானை இருந்தது, பாம்பு இருந்தது, மாடு முட்டினால் என்ன, பல் விழுந்தால் என்ன என்பதெல்லாம் இருந்தது. தையற்காரர் இல்லை. உடம்பு பருத்ததாகக் கண்டால் பொருள் சேரும், இளைத்ததாகக் கண்டால் பீடை என்கிற மாதிரி ஒன்று போட்டிருந்தது. வெளியே பருத்தும் உள்ளே இளைத்தும் ஒரே கனவில் கண்டவளுக்கு என்ன என்று போடவில்லை. எரிச்சலோடு மூடி வைத்தேன்.

விஷயம் மண்டிக்குப் போய்விட்டது. அங்கே யாரோ அவரிடம் கைகுலுக்கி, எப்போது மிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட மாற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லாம ஊருக்கே சொல்லிட்டியா?"

"ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லீங்க. அது வெறும் கனவு. அத்தைதான்..."

"கனவா? இன்னா கனவு?"

"அப்பறம் சொல்றேன்."

அந்த அப்பறம் வரவே இல்லை. அவர் இரண்டு மூன்று தடவை கேட்டார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது, கொல்லையில் துணி காய்கிறது என்று நழுவினேன். கேட்பதை விட்டுவிட்டார். ஆனால் அவர் பேச்சு குறைந்தது. முன்பே கொஞ்சம் பேசுகிறவர், இப்போது அந்தக் கொஞ்சமும் இல்லை. இருட்டில் என் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். பொய் தெரிந்துவிட்டது போல இருக்கிறது என்று நினைத்தேன். அப்படியே போனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் போல ஆகிவிடுவோம் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அவர் வேண்டும். அது மட்டும் சந்தேகமே இல்லை.

சித்திரை மாசம், கத்திரி வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். மசக்கைக்காரியைப் பஸ்ஸில் குலுக்கக் கூடாது என்று என்னை விட்டுவிட்டார், எனக்குத் துணையாக அவரையும். சாப்பிட்டுவிட்டு அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். மலைச் சூடும் சேர்ந்து சுவரெல்லாம் கொதித்தது. ஜன்னல் வழியாகப் பாதி அறைக்கு வெயில். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அனலைத்தான் வீசியது. அவர் பனியனோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கனவு இன்னான்னு இன்னிக்காவது சொல்றியா?" என்றார்.

அந்த நேரத்தில் அணைப்பதற்கு ஒரு விளக்கு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு இருட்டு இல்லை. எனக்கு ஒரு வீம்பு வந்தது. என்ன ஆகிவிடும், ஆகட்டும் என்று தொடங்கினேன். தேரடி வீதியிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகு கனவில் இல்லாததையும் சொன்னேன். பீரோவில் இருப்பது அக்காவுடைய ரவிக்கை. நான் போட்டுக்கொண்டிருப்பதும் அக்காவின் அளவு. மிச்சத்துக்குக் கைக்குட்டை.

அவர் சிரிக்கவும் இல்லை, முகம் மாறவும் இல்லை. மண்டியில் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பவர் போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கனவுல உன்னைக் கட்டிப் புடிச்சது நான்தானா?"

"நீங்கதான். பின்ன வேற யாரு?"

"உனக்குப் படவே இல்லியா?"

"படலீங்க. அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகு காட்டிக்கொண்டே பேசினார்.

"எனக்கு அம்மைத் தழும்பு மூஞ்சில கம்மி. மேலெல்லாம் ஜாஸ்தி. நெஞ்சு, முதுகு, எல்லா எடமும் குழிகுழியா இருக்கும். பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்ல மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. அதச் சொல்லாம கட்டிக்கிட்டோமேன்னு எனக்கு மொதல் நாள்லேருந்து உறுத்தல். நீ கைய குறுக்க வெச்சுக்கிட்டியா, சரிதான், இவளுக்கு நம்ம மேல பட அருவருப்புன்னு நெனச்சேன். அதான் நீ வர்றதுக்குள்ள லைட்ட அணைச்சிடுவேன். நீ பாக்க வேணாம்னுதான்."

இந்த மனுஷர் என் கைகளை மரியாதையால் விலக்காமல் இருந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் தன்னை வேண்டாம் என்று சொல்லும் கைகளாக அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். என் கூச்சத்தைக் காப்பாற்றிக்கொள்வதில் நான் இருந்த மும்முரத்தில், அந்தப் பக்கம் ஒருவர் நொந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"அருவருப்பா? எனக்கா?" என்று கத்தினேன். "உங்க கழுத்து வாசனைக்கே நான் தூங்காம கெடந்திருக்கேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் திரும்பினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் முகத்தை அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு நேரம், நான் நேராகப் பார்த்தது அன்றுதான்.

அவர் திரும்ப வந்து உட்கார்ந்து, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த கைக்குட்டையெல்லாம் எதுக்கு? மண்டியில பாக்கறேனே, பெரிய பெரிய காயா இருக்கும், ஒடச்சா உள்ள பொக்கு. சின்னக் காயிலதான் பருப்பு..."

"என்னை மல்லாட்டையோட சேக்காதீங்க, சொல்லிட்டேன்!"

"நல்லதத்தானே சொன்னேன்."

"நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். எங்க அக்கா ஒண்ணும் பொக்கு கெடயாது."

அவர் அதற்குத்தான் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு நின்றதும், விட்ட இடத்திலிருந்து விசாரணையைத் தொடர்ந்தார்.

"கழட்டிப் போட முடியலன்னு சொன்னியே. ஏன் முடியல?"

"கொக்கி எட்டல."

"எங்க இருந்துச்சு கொக்கி?"

நான் யோசித்துப் பார்த்தேன். கனவை அத்தனை தடவை மனசுக்குள் ஓட்டியும் அந்த இடத்தைக் கவனித்திருக்கவில்லை. கண்ணை மூடினால் அது தெளிவாக வந்தது. கையைப் பின்னால் வளைத்து வளைத்துத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"முதுகுப் பக்கம்" என்றேன்.

"முதுகுப் பக்கம் கொக்கி வெச்சா அத அவங்களே அவுக்க முடியுமா? இன்னொருத்தர்தான் அவுக்கணும்." மண்டிக் கணக்கை நேர் செய்துவிட்டவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டார். "உன் கனவுக்கு அவ்ளோதான் அர்த்தம். அது என் வேலை. நான்தான் செய்யாம விட்டுட்டேன்."

அத்தை சொன்ன பலனும் பஞ்சாங்கம் சொல்லாத பலனும் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதுதான் என் கனவு. கேட்டதும் உடம்பு முழுக்க ஒரு இளக்கம் வந்தது. அக்கா அளவும் என் அளவும் அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு பேச்சாகவே தோன்றவில்லை. ஒரு வருஷமாக இவரும் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்காமல் போனதே என்கிற ஒரு ஆத்திரமும், இப்போதாவது கேட்டதே என்கிற சந்தோஷமும் சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் என் சுபாவம் என்னை விடுமா?

"மொதல்ல உங்க பனியன்" என்றேன்.

"இப்பவா? இந்த வெளிச்சத்துலயா?"

"ஆமா, இப்பத்தான்."

அவர் பனியனைத் தலைவழியாக உருவினார். உருவி மடியில் போட்டதும் அவருடைய வலது கை தானாக எழுந்து மார்புக்குக் குறுக்கே போய் நின்றது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். எடுங்க என்று நான் சொல்லவில்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. வெயில் அவர் தோள்மேல் விழுந்து அங்கிருந்த குழிகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. எனக்கு அதில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கை கீழே இறங்கட்டும் என்று காத்திருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வரும் பஸ் ஆறு மணிக்கு மேல்தான்.